ஒரு நாற்காலி, ஒரு மைக்கு

இல்லைங்க தம்பி, ஒரு மைக்கு போதாது. ஒரு நாற்காலி, ஒரு மைக்குன்னு பேப்பர்ல எழுதியிருக்கீங்க, படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடையில அந்த மனுஷனை உட்கார வச்சு சவுண்டு குடுக்கப் போறவன் நான்தானே. போதாது.

உட்காருங்க மொதல்ல. அந்தக் கறுப்புப் பெட்டி மேலயே உட்காரலாம், அது பாஸ் ஸ்பீக்கரு, யானையே உட்கார்ந்தாலும் ஒண்ணும் ஆவாது. இது மேல வேண்டாம், இது போர்டு, எல்லாச் சத்தத்தையும் ஏத்தி இறக்கற மெஷின். கோடவுன்ல நாற்காலி ஒண்ணு இருந்துச்சு, அதை டிரம்ஸ்காரன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு இடுப்பு வலியாம்.

அந்த வயரு முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா, பேசிக்கிட்டே சுத்திடலாம். ஐயையோ, முழங்கையில சுத்தாதீங்க, உள்ள கம்பி முறுக்கிக்கும். ஒரு வளையம் மேல, அடுத்த வளையம் அடியில. ஆங், அப்படித்தான். பரவாயில்லையே, படிச்ச புள்ளைக்கு வயரு சுத்தக்கூட வருதே.

சரி, நீங்க சொன்னதையே நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. அண்ணனோட முதல் ரெக்கார்டு வந்து அடுத்த மாசத்தோட இருபத்தஞ்சு வருஷம் ஆவுது. அதுக்கு உங்க ஹால்ல ஒரு கச்சேரி வைக்கணும். இருநூறு பேரு. ரெக்கார்டுல இருக்கிற ஒம்பது பாட்டையும் அண்ணன் தனியா, அந்தப் பழைய மரக் கிட்டார்லயே வாசிக்கணும். டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது, பாஸ் கிடையாது, புகை கிடையாது. நேர்ல போய்க் கேட்டீங்க. அவரு சிரிச்சுட்டு, நம்ம சவுண்டுக்காரன் முடியும்னா எனக்கும் சரின்னுட்டாரு. அதனால இந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டா கச்சேரி உண்டு, இல்லைன்னா இல்ல. அவ்வளவுதானே. இருபத்தாறு வருஷம் கூட இருந்ததுக்கு இதை என் தலையில கட்டிட்டாரு பாருங்க.

போட மாட்டேன் தம்பி. அதைத்தான் வந்ததுலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்கதான் பேனாவை நீட்டிக்கிட்டே இருக்கீங்க.

ஓ, நீங்களும் அந்தக் கட்சிதானா. முதல் ரெக்கார்டுதான் நிஜம், அப்புறம் வந்ததெல்லாம் வியாபாரம். அது தவம், இது சந்தை. எத்தனை பேரு வாயால கேட்டிருக்கேன். போன வாரம் பல்லு புடுங்கப் போயிருந்தேன், பல் டாக்டரு என் வாயில ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு இதையேதான் சொன்னாரு. எப்படி இருந்த மனுஷன் இப்படி ஆயிட்டாரேன்னாரு. நான் என்னத்தைப் பதில் சொல்றது, வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த முதல் ரெக்கார்டை எங்க பண்ணோம் தெரியுமா. எங்க மச்சான் குடியிருந்த கட்டடத்துல, மாடிப்படிக்கு அடியில, சைக்கிள் வைக்கிற அறை. சுவத்துல நாலு மெத்தையைச் சாய்ச்சு வச்சோம். மூணு நாளு. அண்ணன், நான், அந்தக் கிட்டாரு, இரவல் வாங்கின டேப்பு மெஷின் ஒண்ணு. சுவத்துக்கு அந்தப் பக்கம் லிஃப்டு. யாராவது ஏறினா, இறங்கினா கடகடன்னு கேக்கும், நாங்க நிறுத்திட்டுக் காத்திருப்போம். மூணாவது பாட்டு நடுவுல பதினாலு செகண்டு மௌனம் வருதே, அதை வச்சு யாரோ ஒரு அம்மா காலேஜ்ல ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. நாப்பது பக்கம். அது நாலாவது மாடி டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினது தம்பி. லிஃப்டு வந்து அவங்க வெளிய போற வரைக்கும் அண்ணன் கம்பி மேல கைய வச்சுக்கிட்டே இருந்தாரு, அப்புறம் விட்ட எடத்துலேருந்து எடுத்தாரு. அழிச்சுட்டுத் திரும்ப எடுக்கலாம்னா டேப்பு அவ்வளவுதான் மிச்சம்.

லிஃப்டு சத்தம் ஏன் அதுல கேக்கலையா. நல்ல கேள்வி. கேக்குது. நீங்க மூச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க.

சிரிங்க சிரிங்க. ஆனா ஒண்ணு, நான் அதைக் குறைச்சுப் பேசல. நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு வாசிப்பை நான் இன்னொரு ஆள்கிட்ட கேட்டதில்ல. நகம் கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உரசல் வரும் பாருங்க, அதையும் சேர்த்து வாசிப்பாரு. பாட்டு முடிஞ்சு கம்பி அடங்கும்ல, அடங்கி அடங்கி ஒண்ணுமே இல்லாமப் போற வரைக்கும் தலையைச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டிருப்பாரு. நான் மெஷினை நிறுத்தப் போனா கையைக் காட்டுவாரு, இன்னும் இருக்குடா, அவசரப்படாதேம்பாரு. எனக்கு அப்போ எதுவும் கேக்காது. அவருக்குக் கேக்கும். அப்பேர்ப்பட்ட காது.

முதல் கச்சேரிக்குப் பதினோரு பேரு வந்தாங்க. அதுல அண்ணன் சொந்தக்காரங்க நாலு பேரு, ஒருத்தரு மழைக்கு ஒதுங்கினவரு. மழை விட்டதும் போயிட்டாரு. இப்போ கேட்டா அந்தப் பதினோரு பேர்ல நானும் ஒருத்தன்னு ஊர்ல ஒரு ஐநூறு பேராவது சொல்லுவாங்க.

அப்புறம் வந்தது ரெண்டாவது ரெக்கார்டு. ஆமா, அந்தச் சிவப்பு அட்டை. கூலிங் கிளாஸு, பின்னாடி புகை, டிரம்ஸ்காரன் சட்டை போடாம நிக்கறான். அந்தப் படத்தைப் பார்த்தா எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கும், நான் இல்லைங்கல. பாஸு, டிரம்ஸு, ரெண்டு கீபோர்டு, பாட்டு நடுவுல ஒரு பையன் வந்து வேகமா எதையோ திட்டற மாதிரி பாடுவான். மெத்தை விளம்பரத்துக்குக் குடுத்தோமே, அதுவும் அதுலேருந்துதான். முதுகு வலியா, வாங்கன்னு முடியும்ல, அது.

ஆனா ஒரு நாளு வீட்டுல ஹெட்போன் போட்டுக்கிட்டு அந்த மெத்தைப் பாட்டைக் கேளுங்க. டிரம்ஸைத் தள்ளிட்டு, கீபோர்டைத் தள்ளிட்டு, அடியில என்ன இருக்குன்னு கேளுங்க. அந்த மூணாவது பாட்டுதான் அது. அதே சுரம், அதே விரலு. என்ன, அதுல மௌனம் வந்த எடத்துல இதுல டிரம்ஸ் வருது. எத்தனை பேரு கண்டுபிடிச்சிருக்காங்கன்னு நினைக்கறீங்க. ஒருத்தரும் இல்ல. நாப்பது பக்கம் எழுதின அம்மாவும் கண்டுபிடிக்கல. வேஷ்டி கட்டிக்கிட்டு வந்தா கும்பிடு போடறாங்க, அதே ஆளு பேன்ட்டு போட்டுக்கிட்டு வந்தா யாருய்யா நீன்னு கேக்கறாங்க.

வியாபாரம்னு சொல்றீங்களே, யாரு பண்ண வச்ச வியாபாரம்னு நினைக்கறீங்க. கம்பெனிக்காரனா. கம்பெனிக்காரன் வேண்டாம் வேண்டாம்னு கத்தினான், பழையபடியே இன்னொண்ணு பண்ணுங்க, அதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்குன்னான். அடுத்தது அண்ணியைச் சொல்லுவீங்க. சொல்லாதீங்க. எல்லாரும் சொல்லி அந்த அம்மாவுக்குப் பழகிப் போச்சு. ஒரு தடவை கடையில சோப்பு வாங்கிக்கிட்டிருக்காங்க, நானும் பக்கத்துல நிக்கறேன். ஒரு ஆளு வந்து, நல்லா டீசன்டாத்தான் இருந்தான், நீங்கதான்மா அவரைக் கெடுத்தீங்க, வீடு வேணும் காரு வேணும்னு நச்சரிச்சுக் கெடுத்துட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். அண்ணி ஆமாப்பான்னுட்டு, இந்தச் சோப்புல மஞ்சள் கலரு இருக்கான்னு கடைக்காரரைக் கேட்டாங்க. நான்தான் அன்னிக்கு வாங்க வந்ததை வாங்காமலே வெளிய வந்துட்டேன்.

ஏன் வெளிய வந்தேன்னா, வந்துட்டேன், அவ்வளவுதான். வயரைப் பாருங்க, நீங்க சுத்தறதை நிறுத்திட்டீங்க.

ஹாலா. ஹால்ல எதிரொலி இருக்கு. திரை போட்டுட்டீங்களா. சரி, ஏசி சத்தம். நிறுத்திடுவீங்களா, இருநூறு பேரும் வேர்த்துக் கொட்டிக்கிட்டுக் கேப்பாங்களா. நாற்காலியெல்லாம் கிறீச்சுன்னு கத்தும், நான் வந்து பார்த்திருக்கேன். மாத்தியாச்சா. எல்லாமேவா. அடேங்கப்பா, ரொம்பத்தான் முன்னேற்பாடு. லிஃப்டு. லிஃப்டே கிடையாதா.

சும்மா உங்களுக்குக் காதுல பூ சுத்திக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சு போச்சுல்ல. தெரியும். நல்ல புள்ளையா இருக்கீங்க, அதனால கேட்டுக்கிட்டிருக்கீங்க. வேற ஆளா இருந்தா இந்நேரம் எழுந்து போயிருப்பான்.

கதவைக் கொஞ்சம் சாத்துங்க. இல்ல, தாழ்ப்பாள் வேண்டாம், சாத்தினா போதும்.

அண்ணனுக்குக் காது கேக்காது தம்பி.

இடது காது சுத்தமா இல்ல. வலது காதுல தடதடன்னு அடிக்கிற சத்தம் கொஞ்சம் விழும், அதுவும் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. கிட்டார்ல மேல் சுரம் பேசற மெல்லிசுக் கம்பி ரெண்டும் அவருக்குக் கேட்டுப் பதினேழு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட பேசினாரா, பேசுவாரு, உங்க உதட்டைப் பார்த்துக்கிட்டே பேசியிருப்பாரு. நீங்க மீசை வைக்காதது நல்லதாப் போச்சு. அவருக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டிரம்ஸ்காரனுக்கே தெரியாது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாரு, தலைக்கனம்னு அவன் வெளிய சொல்லிக்கிட்டுத் திரியறான். சொல்லட்டும்னு விட்டுட்டாரு.

இப்போ புரியுதா எதுக்கு டிரம்ஸுன்னு. ஒரு பாட்டுக்குள்ள தான் எந்த எடத்துல நிக்கறோம்னு அவருக்குத் தெரியணும்ல. டிரம்ஸு அடிச்சா நெஞ்சுல தெரியும். பாஸு அடிச்சா கால்ல தெரியும். மேடையில செருப்பில்லாம ஒரு மரப்பலகை மேல நிப்பாரே, அந்தப் பலகைக்கு அடியில நான் ஒரு ஸ்பீக்கரைப் படுக்கப் போட்டிருக்கேன். அது ஏதோ மண்ணுக்கு மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு, இப்போ முன்வரிசையில பாதிப் பேரு செருப்பைக் கழட்டிட்டு நிக்கறாங்க. போன கச்சேரியில பதினாறு ஜோடி காணாமப் போச்சு.

முதல் ரெக்கார்டு காலத்துல பாட்டுக்குப் பாட்டு மேடையிலயே சுதி மாத்துவாரு, ஞாபகம் இருக்கா, சனங்க அதையே ரசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. இப்போ பக்கத்துல ஆறு கிட்டாரு வரிசையா நிக்குது, ஒரு பாட்டுக்கு ஒண்ணு. ஆடம்பரம்னு எழுதினாங்க. ஆறையும் சுதி சேர்த்து வைக்கிறது நான். அவரால சேர்க்க முடியாது. ஒரு பத்திரிகைக்காரரு, இந்த மனுஷனுக்கு இப்போ தான் வாசிக்கிறதே காதுல விழறதில்லை போலிருக்குன்னு எழுதினாரு. அண்ணன் அதைப் படிச்சுட்டு என்கிட்ட நீட்டினாரு. இத்தனை பேர்ல இவன் ஒருத்தன்தான்டா சரியா எழுதியிருக்கான்னாரு. சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

அப்புறம் ஏன் உங்ககிட்ட முடியாதுன்னு அவரே சொல்லலைன்னு கேக்கறீங்க. ஆசை தம்பி. அண்ணி நேத்து போன்ல சொன்னாங்க, நீங்க வந்துட்டுப் போன அன்னிலேருந்து அந்தப் பழைய கிட்டாரை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காராம். மோவாயை அது உடம்பு மேல அழுத்தி வச்சுக்கிட்டு வாசிக்கறாராம். எலும்பு வழியாக் கொஞ்சம் தெரியுமாம். மோவாயில தோல் காய்ச்சுப் போயிருக்காம். ஒம்பது பாட்டையும் வாசிச்சு முடிச்சுட்டு, சரியா இருக்காடின்னு அண்ணியைக் கேட்டாராம். அண்ணிக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் தெரியாது. சரியா இருக்குன்னாங்களாம். சரியா இருந்துச்சான்னு என்னைக் கேட்டாங்க, போன்ல நான் எங்க கேட்டேன்.

முடியாதான்னா, அப்படியும் சொல்ல முடியாது. பொய் சொல்லக்கூடாது, முடியும். காலுக்கு அடியில ஒரு பெட்டி, முதுகுக்கு ஒரு பெட்டி, ரெண்டுலயும் கிட்டாரை மட்டும் ஏத்தி விடணும். எதிர்ல நான் உட்கார்ந்துக்கணும். கம்பியில சுதி இறங்கினா விரலைக் காட்டணும், ஏறினா விரலைக் காட்டணும். விரலுக்குப் பாட்டு மறக்கல அவருக்கு. ராத்திரியெல்லாம் இதையேதான் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியா வருது.

அப்புறம் என்னவா. இருநூறு பேரு முன்னாடி, ஒரு சத்தமும் இல்லாத ஹால்ல, ஒருத்தன் எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு விரலைக் காட்டிக்கிட்டிருந்தா உங்களுக்கே என்ன ஏதுன்னு கேக்கத் தோணாதா. மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும். தெரிஞ்சா அவருக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது, கொண்டாடுவாங்க, தலையில தூக்கி வச்சுக்குவாங்க. அண்ணியைத் திட்டினவன்லாம் வந்து கால்ல விழுவான். எல்லாம் நல்லதுதான். ஆனா எப்போ போச்சு, எப்படிப் போச்சுன்னு கேப்பாங்கல்ல.

எப்படிப் போச்சுன்னா, ஒத்திகையில போச்சு. பட்டப்பகல், ஒரு மூணு மணி இருக்கும். காதுக்குள்ள வைக்கிற சின்ன ஸ்பீக்கரு அப்போதான் புதுசு, அண்ணன் ரெண்டு காதுலயும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. கிட்டாரு வயரு கரகரன்னுது. வேற வயரு மாத்தணும். எங்க தொழில்ல முதல் நாளே சொல்லிக் குடுக்கறது இதுதான், வால்யூமை இறக்கு, அப்புறம் வயரைப் புடுங்கு. சமையல்காரனுக்கு அடுப்பை அணைக்கிற மாதிரி, யாரும் சொல்லவே வேண்டாம், கை தானாப் பண்ணும். நான் அன்னிக்கு பாஸ்காரன்கிட்ட ஒரு கதை சொல்லிக்கிட்டிருந்தேன். பல்லு கட்டிக்கிட்ட ஒரு மாமனாரைப் பத்தி, நல்ல கதை. கதை முடியற எடம். வால்யூமு மேலயே இருக்கு, ஒரு கையால புடுங்கி இன்னொண்ணைச் செருகிட்டேன்.

வெளிய ஒண்ணும் பெருசாக் கேக்கல, எல்லாம் நேரா அவரு காதுக்குள்ள போச்சு. டப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் ஊன்னு ஒரு ரெண்டு செகண்டு. பாஸ்காரன் கதைக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தான். அண்ணன் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு மெதுவாத் தரையில உட்கார்ந்தாரு. கத்தல. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, என்னடா ஆச்சு, மெஷின் கெட்டுப் போச்சான்னாரு.

ஆமாண்ணே, மெஷின் சரியில்லன்னேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அவரு கேட்டதுல பாதி என் வாயில அப்படியே வந்துடுச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கலாம். மறுநாளு சொல்லியிருக்கலாம். டாக்டரு எப்படி ஆச்சுன்னு கேட்டப்போ நானும் அங்கதான் நின்னேன், அண்ணனே மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டாரு, நான் தலையாட்டினேன். அந்த போர்டைத் தூக்கி வீசிட்டுப் புதுசு வாங்கினாரு. என்னை மாத்தல. இவன் ஒருத்தன் இருக்கறதாலதான் நான் இன்னும் வாசிக்கிறேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு.

தெரியாது. இன்னி வரைக்கும் அண்ணனுக்குத் தெரியாது. மெஷின் தானா எப்படிடா கத்தும்னு இருநூறு பேரு கேட்டா அன்னிக்குத்தான் அவரும் யோசிப்பாரு.

உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. நீங்க வயரை ஒழுங்கா சுத்தறீங்க, அதனாலயா இருக்கும். போய் அவர்கிட்ட சொல்றதுன்னா சொல்லுங்க, நான் தடுக்கல. அவரு நம்பப் போறதில்ல, அதையும் சொல்லிடறேன்.

குடுங்க அந்தப் பேப்பரை. முடியாதுன்னு போடறதுக்கும் ஒரு எடம் வச்சிருக்கீங்களே, நல்லது. காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கு, அதைக் காலியா விடக்கூடாதா. சரி, பேனாவைக் குடுங்க. மெஷின் சரியில்லன்னு எழுதிடறேன். இதை நம்புவாரு.